அடுப்பை வெளியே மெழுகினால் போதுமா?

(பண்ணை வானொலியில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேசப் போவது விதையைப் பற்றி இல்லை, உரத்தைப் பற்றியும் இல்லை. அடுப்பைப் பற்றி. "இதென்னய்யா, பண்ணைப் பேச்சிலே அடுப்புக்கு என்ன வேலை?" என்று யாராவது கேட்கலாம். வேலை இருக்கிறது. கழனியிலும் கொல்லையிலும் விளைகிறதில் மணி மூட்டைக்குப் போகிறது. தோலும் கட்டையும் உமியும் அடுப்புக்குப் போகிறது. அந்த அடுப்பும் நம்முடைய பண்ணைக் கருவிதான்.

நம்ம செஞ்சிப் பக்கத்துக்கு நெல், மல்லாட்டை, கரும்பு என்றுதான் பேர். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை இறக்காதவர்கள் நம்மில் குறைவு. தென்மேற்கே கள்ளக்குறிச்சி பக்கம் போனால் மக்காச்சோளம் நிறைய. இப்போது கோழித் தீவனத்துக்கு விலை கிடைக்கிறது என்று நம்ம பக்கத்திலும் சிலர் போடுகிறார்கள். மெஷினில் அடித்து மணியை விற்ற பிறகு களத்து ஓரத்தில் மலை மாதிரி குவிந்து கிடக்குமே, அதைத்தான் கதிர்க்கட்டை என்கிறேன். சக்கை என்று சொல்கிறவர்களும் உண்டு. அது நல்ல எரிபொருள். காய்ந்த கட்டையாக இருந்தால் சூட்டில் விறகுக்கு அதிகம் இளைத்ததில்லை. மல்லாட்டைத் தோலும் அப்படித்தான். ஆனால் அது எரிகிற அடுப்பு ஒழுங்காக இருக்கணும். அதுதான் இன்றைய பேச்சு.

ஒன்று கேட்கிறேன். பம்புசெட்டில் சத்தம் கொஞ்சம் மாறினால் நாம் தூங்குகிறோமா? ராத்திரியோடு ராத்திரியாக டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். மருந்து தெளிக்கிற கைத்தெளிப்பானில் வாஷர் போனால் நாமே கழற்றி மாற்றுகிறோம். டிராக்டருக்கு ஆயில் பார்க்கிறோம். வருஷம் 365 நாளும் வேலை செய்கிற அடுப்புக்கு என்ன பார்க்கிறோம்? வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டுப் பெண்கள் சாணி போட்டு மெழுகி, கோலமும் போடுகிறார்கள். அது வெளியே. உள்ளே யார் பார்க்கிறது?

எங்கள் வீட்டுக் கதை

வேறு வீட்டைச் சொல்வானேன், எங்கள் வீட்டையே சொல்கிறேன்.

1980-களின் கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு புகையில்லா அடுப்பு இருந்தது. மண்ணால் கட்டி, இரண்டு குழி வைத்து, பின்னால் ஒரு குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றிய அடுப்பு. புதிதில் வீட்டுக்குள் புகை ஒரு பொட்டுகூட இல்லை. அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஒரு வருஷம் போனது. அடுத்த மழைக்காலத்தில் புகை மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. "அடுப்பு கெட்டுப் போச்சு" என்றார்கள் அம்மா. "கட்டினவங்களே வந்து பார்க்கட்டும்" என்றார் அப்பா. யாரும் வரவில்லை. நாங்களும் யாரையும் போய்க் கூப்பிடவில்லை. கடைசியில் அம்மா குழாயில் கந்தல் துணியை அடைத்தார்கள், இரண்டாவது குழியை மண் போட்டு மூடினார்கள், பழையபடி ஊதுகுழலைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

பல வருஷம் கழித்து அந்த வீட்டை இடித்துக் கட்டும்போது குழாயை நான்தான் இறக்கினேன். உள்ளே பார்த்தால் கரி கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. நடுவில் என் சுண்டு விரல் போகிற அளவுதான் வழி. அடுப்பு கெட்டுப் போகவே இல்லை. குழாய் அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஒரு கயிறு, ஒரு கல், ஒரு கந்தல் துணி. அரை மணி நேர வேலை. அது எங்களுக்குத் தெரியாமல் போச்சு.

அதற்குள் அம்மாவுக்கு இருமல் நிலைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஏம்மா, பீடி பிடிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எத்தனையோ வீட்டுக் கதை இது

இந்த அடுப்பு நேற்று வந்ததில்லை. 1950-களிலேயே ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் எஸ்.பி. ராஜு என்பவர் குழாய் வைத்த மண் அடுப்பைச் செய்து காட்டினார். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் 'அஸ்த்ரா' குழுவினர் அடியில் கம்பித் தட்டு வைத்து, காற்று கீழேயிருந்து வரும்படி ஒரு அடுப்பை வடிவமைத்தார்கள். 1983-ல் மத்திய அரசு தேசத் திட்டமாகவே இதை எடுத்துக்கொண்டது. 2002-ல் அந்தத் திட்டம் முடிந்தபோது நாட்டில் 3 கோடிக்கும் மேலான அடுப்புகள் வைத்திருந்தார்கள். அவற்றில் பெரும்பகுதி இன்றைக்கு இல்லை. காரணம் பல. ஆனால் முக்கியமான ஒன்று, வைத்த பிறகு பராமரிப்பு இல்லை. குழாயைத் துடைக்கணும், விரிசலைப் பூசணும் என்று சொல்லிக் கொடுக்கவும் இல்லை, நாம் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

"இப்போதுதான் கேஸ் வந்துவிட்டதே" என்பீர்கள். உண்மைதான். 2007-ல் மாநில அரசின் திட்டத்திலும், 2016-ல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்திலும் நிறைய வீடுகளுக்குக் கேஸ் அடுப்பு வந்தது. அன்றாடச் சமையலுக்கு அதுதான் நல்லது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் நெல் அவிக்க, மாட்டுக்குத் தண்ணி காய்ச்ச, குளிக்க வெந்நீர் போட, மல்லாட்டை வேகவைக்க, சிலிண்டர் தீர்ந்த அன்றைக்குச் சோறாக்க என்று பின்கட்டில் ஒரு அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. எரிகிற மட்டும் அது நல்லபடியாக எரியட்டும்.

புகை என்றால் கண் எரிச்சல் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளில் கருவி வைத்து அளந்து பார்த்தார்கள். விறகும் பயிர்க்கழிவும் எரிகிற வீட்டில் மூச்சோடு உள்ளே போகிற தூசு, கேஸ் எரிகிற வீட்டைவிட மிக அதிகம் என்று 2002-ல் வெளியிட்டார்கள். சமைக்கிறவர் மட்டுமல்ல, அதே வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரும் அதைச் சுவாசிக்கிறார். வீட்டுக்குள் எரிகிற புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பக்கவாதம், நெஞ்சு வலி, தீராத இருமல், சின்னக் குழந்தைகளுக்குச் சளிக் காய்ச்சல் எல்லாம் அதில் அடங்கும்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

அடுப்பின் உறுப்புகள்

அடுப்பை ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். முன்னால் எரிபொருள் போடுகிற வாய். அதற்குள் கம்பித் தட்டு. தட்டுக்குக் கீழே சாம்பல் குழி. காற்று உள்ளே வருவதும் அந்த வழியாகத்தான். மேலே பெரிய பாத்திரம் வைக்கிற முதல் குழி. அங்கிருந்து சூடு ஒரு துளை வழியாக இரண்டாவது குழிக்குப் போகிறது. அங்கிருந்து குழாய். குழாய்க்கு மேலே தொப்பி.

இதில் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். சூடான காற்று லேசு; அது குழாயில் மேலே ஏறும். ஏறுகிற காற்று கீழேயிருந்து புதுக் காற்றை இழுக்கும். இந்த இழுவை இருக்கிற வரைக்கும் புகை வீட்டுக்குள் வராது. இழுவை குறைந்தால், போக வழியில்லாத புகை வந்த வழியே திரும்பும். ஆகவே அடுப்புப் பராமரிப்பு என்றால், கீழே சாம்பலில் ஆரம்பித்து மேலே தொப்பி வரைக்கும் காற்று போகிற வழியை அடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

தினமும் செய்வது

காலையில் அடுப்பு ஆறியிருக்கும்போது சாம்பல் குழியைச் சுத்தமாக வாருங்கள். சாம்பல் தட்டைத் தொடுகிற மட்டும் விட்டால் இரண்டு கெடுதல். காற்று வராது, புகை வரும். தட்டுக்குக் கீழேயும் காற்றுப் படாததால் கம்பி அளவுக்கு மீறிக் காய்ந்து வளைந்துவிடும்.

உமி எரிக்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கணும். 100 கிலோ உமி எரிந்தால் சுமார் 20 கிலோ சாம்பல் மிஞ்சும். கதிர்க்கட்டையில் அவ்வளவு சாம்பல் கிடையாது. அது ஒரு வசதி.

வாரிய சாம்பலை நேரே குப்பைமேட்டிலோ வைக்கோல் போர் பக்கத்திலோ கொட்டாதீர்கள். மேலே ஆறின மாதிரி இருக்கும், உள்ளே நெருப்பு தூங்கிக்கொண்டிருக்கும். மூடி போட்ட தகர டின்னில் இரண்டு நாள் வைத்து, பிறகு எடுங்கள். அந்தச் சாம்பலில் மணிச்சத்தைவிடச் சாம்பல் சத்து அதிகம். தென்னைக்கும் வாழைக்கும் நல்லது. ஆனால் யூரியாவோடு கலந்து போடாதீர்கள். தழைச்சத்து ஆவியாகிப் பறந்துவிடும். காசு கொடுத்து வாங்கினது காற்றோடு போகும்.

வாரம் ஒரு முறை

வெள்ளிக்கிழமை அடுப்பு மெழுகுகிற வழக்கம் இருக்கிறதே, அதையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுவதற்கு முன்னால் இரண்டாவது குழிப் பாத்திரத்தை எடுத்துவிட்டு, உள்ளே கையை விட்டு, முதல் குழியிலிருந்து வருகிற துளையைத் துழாவிப் பாருங்கள். சாம்பல் பறந்து வந்து குவிவது இங்கேதான். பழைய கரண்டியால் வாரி, தென்னை ஈர்க்குத் துடைப்பத்தால் தேய்த்துவிடுங்கள். பல அடுப்புகளில் புகை திரும்புவதற்கு ஒரு காரணம் இந்தத் துளை அடைபடுவதுதான். ஐந்து நிமிஷ வேலை.

பிறகு ஒரு சோதனை. அடுப்பைச் சின்னதாகப் பற்றவைத்து, அது பிடித்ததும் வாய்க்கு நேரே ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். ஊதுபத்திப் புகை அடுப்புக்குள் இழுத்துக்கொண்டு போனால் அடுப்பு சுகமாக இருக்கிறது. உங்கள் முகத்துப் பக்கம் வந்தால் எங்கேயோ அடைப்பு.

மாதம் ஒரு முறை: குழாய்

இதுதான் தலையாய வேலை. ஒரு கணக்குச் சொல்கிறேன். 3 அங்குலக் குழாய். உள்ளே சுற்றிலும் அரை அங்குலம் கரி படிந்தால் வழி 2 அங்குலம். "ஒரு அங்குலம்தானே குறைந்தது" என்று தோன்றும். ஆனால் புகை போகிற இடம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. வாய்க்கால் அகலம் குறைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அடுப்பு முழுக்க ஆறியிருக்கணும். அடுப்படியில் இருக்கிற தண்ணீர்ப் பானை, அரிசிப் பானை எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கூரை உறுதியாக இருந்து, ஏணி வைக்க இடம் இருந்தால், தொப்பியை எடுத்துவிட்டு, ஒரு கயிற்றின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டி, அதற்கு மேலே கந்தல் துணியை உருண்டையாகச் சுற்றி, குழாயில் இறக்கி மேலும் கீழும் நாலைந்து தரம் இழுங்கள். துணி உருண்டை குழாயில் கொஞ்சம் இறுக்கமாகப் போகணும். கீழே இன்னொருவர் நின்று விழுகிற கரியை வாரணும். குழாய் அடியில் துடைப்பதற்கென்று சின்ன வாய் இல்லாவிட்டால் ஒன்று எடுத்துவிட்டு, ஒரு செங்கல் துண்டும் மண்ணும் வைத்து மூடுங்கள். மாதம் ஒருமுறை திறந்து மூட வசதி.

கூரை பழசு, ஓடு நொறுங்கும், சிமெண்டு ஷீட் தாங்காது என்றால் மேலே ஏறவே ஏறாதீர்கள். கால் ஒடிந்தால் கரி துடைத்த லாபம் இல்லை. கீழேயிருந்தே வேலை நடக்கும். நீளமான மூங்கில் சிம்பின் நுனியில் தேங்காய் நாரைக் கட்டி, கீழ் வாய் வழியாக மேலே செலுத்தித் தேய்க்கலாம்.

வேலை முடிந்ததும் கீழ் வாயில் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். தொப்பி இல்லாதபோது வட்டமாக வானம் தெரியணும். அணில் கூடு, குருவிக் கூடு இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய குழாய்கள் பல கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை. அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது. கம்பித் தூரிகை போட்டுச் சுரண்டாதீர்கள், ரம்பம் போட்டு அறுக்காதீர்கள். துணி உருண்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடைந்திருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முழுசாக இறக்கி, சுட்ட மண் குழாயோ தகரக் குழாயோ வாங்கி மாற்றுங்கள்.

குழாய் கூரையைத் தாண்டி 2 அடியாவது மேலே நிற்கணும். கீற்றுக் கூரையானால் குழாய் கீற்றைத் தொடக்கூடாது. சுற்றிலும் கீற்றை வெட்டிவிட்டு, தகரம் வைத்து, இடைவெளி விடுங்கள். உள்ளே படிந்த கரியும் கீலும் ஒரு நாள் தானே தீப்பிடிக்கும். அப்போது குழாய் பழுக்கக் காயும். கரி துடைப்பது புகைக்கு மட்டும் இல்லை, கூரைக்கும் காவல்.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் தொப்பியை ஒரு தரம் பார்த்துவிடுங்கள். தொப்பி பறந்து போன குழாயில் மழைத் தண்ணீர் நேரே இறங்கும். மண் அடுப்பு அடியோடு ஊறிப்போகும்.

விரிசல் பூசுவது

நம்ம ராஜகிரிக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கிறது, ஒன்று நம்ம செஞ்சி. அத்தனை பெரிய கல் சுவரிலும் ஒரு ஆலஞ்செடி வேர் விட்டால், அதைச் சின்னதிலேயே பிடுங்கினால்தான் உண்டு. விட்டால் கல்லைப் பிளந்துவிடும். கல்லுக்கே அந்தக் கதி என்றால் மண் அடுப்புக்கு என்ன? விரிசல் சின்னதாக இருக்கும்போதே பூசிவிடணும்.

மண் கலவை சொல்கிறேன். ஏரிக் களிமண் அல்லது புற்று மண் 2 பங்கு, நயம் மணல் 1 பங்கு, உமியோ பொடியாக நறுக்கிய வைக்கோலோ 1 பங்கு. தண்ணீர் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் காலால் நன்றாக மிதியுங்கள். கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு உருளை உருட்டி நிழலில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். வெடித்தால் உமியும் மணலும் கொஞ்சம் கூட்டுங்கள். தொட்டால் உதிர்ந்தால் களிமண்ணைக் கூட்டுங்கள். எல்லா ஊர் மண்ணும் ஒன்றில்லை. அதனால்தான் இந்தச் சோதனை.

விரிசலின் மேலே சும்மா தடவினால் நாலு நாளில் பெயர்ந்துவிடும். முதலில் கத்தியால் விரிசலைச் சற்று அகலமாகக் கீறி, உள்ளே இருக்கிற கரித்தூளைத் துடையுங்கள். தண்ணீர் தெளித்து நனையுங்கள். பிறகு மண்ணை உள்ளே அழுத்தி அழுத்தி ஏற்றுங்கள். மூன்று நாள் நிழலில் காயட்டும். அதற்கு மேலே சாணிப்பால் மெழுகி, முதல் தரம் சின்ன நெருப்பாகப் போட்டுச் சூடேற்றுங்கள். பூசின அன்றைக்கே உலை வைத்தால் பழைய விரிசலுக்குப் பக்கத்தில் புது விரிசல் வரும்.

"சிமெண்டு போட்டுவிடலாமே, உறுதியாக நிற்குமே" என்பார்கள். போடாதீர்கள். நெருப்புப் படுகிற இடத்தில் சிமெண்டு வெடிக்கும்; மண்ணோடும் ஒட்டாது.

பாத்திரம் உட்காருகிற வாய் விளிம்பும் தேய்ந்து போகும். அந்தச் சந்தில் புகை கசியும். அங்கே ஈர மண்ணை வைத்து, எந்தப் பாத்திரம் வைக்கிறீர்களோ அதையே தண்ணீரில் நனைத்து உட்காரவைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி எடுங்கள். பாத்திரத்தின் வடிவமே விளிம்பில் பதிந்துவிடும். இரண்டாவது குழியில் சமையல் இல்லாத நேரத்திலும் சும்மா திறந்து விடாதீர்கள். ஒரு பானைத் தண்ணீர் வையுங்கள். புகையும் வராது, வெந்நீரும் கிடைக்கும்.

கம்பித் தட்டு

கம்பி சூட்டில் வளைவதும், மெலிந்து ஒடிவதும் சகஜம். தட்டை மண்ணோடு சேர்த்துப் பூசிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் செங்கல் விளிம்பில் எடுக்க வைக்க வசதியாக உட்காரட்டும். வளைந்தால் திருப்பிப் போடுங்கள். இன்னும் கொஞ்ச காலம் ஓடும். ஒடிந்தால், வீடு கட்டி மிஞ்சின 10 எம்.எம். கம்பித் துண்டுகளை கொல்லரிடம் கொடுத்தால் பற்றவைத்துக் கொடுப்பார். கதிர்க்கட்டைக்கு ஒரு விரல் இடைவெளி போதும். மல்லாட்டைத் தோல் மட்டும் எரிப்பவர்கள் இன்னும் நெருக்கமாக வைக்கணும். இல்லையென்றால் எரியாமலே கீழே விழுந்துவிடும்.

எரிபொருளும் பராமரிப்பில் சேர்த்திதான்

ஈரக் கட்டையைப் போட்டால் நெருப்பு முதலில் தண்ணீரைத்தான் காய்ச்சும், உங்கள் உலையை அல்ல. அந்த ஈரப் புகைதான் குழாயில் கீலாக ஒட்டுகிறது. கதிர்க்கட்டையைக் கையில் எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் காய்ந்தது. சத்தம் மந்தமாக இருந்தால் இன்னும் இரண்டு மூன்று வெயில் காட்டுங்கள். தரையில் குவிக்காமல் பரண் மேலேயோ கட்டை அடுக்கியோ வையுங்கள். மழைக்காலத்துக்கு வேண்டியதை முன்னாலேயே மூட்டை கட்டி உள்ளே எடுத்துவிடுங்கள்.

போடும்போது வாய் நிறையத் திணிக்காதீர்கள். அடுப்புக்கும் மூச்சு விட இடம் வேண்டும். ஒரு தரத்துக்கு ஒரு கை, இரண்டு கை. நீளக் கட்டையை இரண்டாக ஒடித்துப் போடுங்கள். கட்டை முதலில் சுவாலையாக எரியும், பிறகு தணலாக நின்று சுடும். மல்லாட்டைத் தோல் 'குப்'பென்று எரிந்து தீர்ந்துவிடும். ஆகவே கட்டையைத் தணலாக்கிக்கொண்டு, தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவது சுகம்.

பற்றவைக்க பிளாஸ்டிக் பை, பழைய செருப்பு, டயர்த் துண்டு, மருந்து பாக்கெட் எதையும் போடாதீர்கள். மருந்து நேர்த்தி செய்த மிச்ச விதையும் அடுப்புக்கு ஆகாது. அந்தப் புகை விஷம். காய்ந்த ஓலை, தேங்காய் மட்டை நம்மிடம் இல்லையா என்ன?

மார்கழிக் குளிருக்கு என்று தணலை அள்ளி, கதவடைத்த அறைக்குள் வைத்துத் தூங்குவதும் கூடாது. தணலிலிருந்து வருகிற நச்சுக் காற்றுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

நோய்க்குத் தக்க மருந்து

சொன்னதையெல்லாம் சுருக்கிச் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பற்றவைத்த உடனே புகை திரும்பி, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டால், குழாய் ஆறிக் கிடக்கிறது என்று அர்த்தம். பயப்பட வேண்டாம். முதலில் ஒரு கைப்பிடி காய்ந்த ஓலையை எரித்துக் குழாயைச் சூடாக்குங்கள்.

நன்றாக எரியும்போதும் புகை வாய் வழியே வந்தால், முதலில் சாம்பல் குழி, அடுத்து நடுத் துளை, அதற்கப்புறம் குழாய். இந்த வரிசையில் பாருங்கள்.

பக்கவாட்டில் புகை கசிந்தால் விரிசல், அல்லது பாத்திர விளிம்பு தேய்ந்திருக்கிறது.

காற்றடிக்கிற நாளில் மட்டும் புகை வந்தால் குழாய் உயரம் போதவில்லை, அல்லது தொப்பி போய்விட்டது.

எல்லாம் சரியாக இருந்தும் புகைந்தால், கட்டை ஈரம்.

கடைசியாக ஒன்று

ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. குழாய் துடைப்பது, கம்பி மாற்றுவது, மண் மிதிப்பது இதையெல்லாம் "பொம்பளை வேலை" என்று ஒதுக்காதீர்கள். புகையில் நிற்பது அவர்கள் என்றால் ஏணியில் ஏறுவதாவது நாமாக இருக்கலாம். ஒரு விஷயம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நன்றாக வைத்தாலும் இந்த அடுப்பு கேஸ் அளவுக்குச் சுத்தம் ஆகாது. வெளியே போன புகையும் தெருவில்தான் சுற்றும். ஆகையால் முடிந்த சமையலைக் கேஸில் செய்யுங்கள், இந்த அடுப்பை வேண்டிய வேலைக்கு மட்டும் பற்றவையுங்கள். பற்றவைக்கிற அன்றைக்கு அதன் வழி திறந்திருக்கட்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை அடுப்பு மெழுகும்போது, வெளியே கை வைப்பதற்கு முன்னால் உள்ளே ஒரு தரம் கையை விட்டுப் பாருங்கள். கை நிறையக் கரி வந்தால் இந்தப் பேச்சு உங்களுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கயிறு, ஒரு கல், ஒரு கந்தல் துணி. அரை மணி நேரம்.

எங்கள் அம்மாவிடம் அந்த டாக்டர் கேட்ட கேள்வியை உங்கள் வீட்டில் யாரிடமும் யாரும் கேட்க வேண்டாம்.